ஆள் தேவை

கண்ணாடியில் அட்டை ஒட்டியிருந்தேன்:
'டயர் கடைக்கு ஓர் ஆள் தேவை.'
'ஓர்' என்பதன் அடியில் ஒரு கோடு.
அந்தக் கோடு எனக்காகப் போட்டது.

நவம்பர். புந்தா அரீனாஸில்
தெருமுனைகளில் கயிறு கட்டி
அதைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடக்கும் காலம்.
அந்தக் காற்றிலும் பதினொரு பேர் வந்தார்கள்.
எட்டுப் பேரைக் கழிக்க ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது.
மீதி மூன்று பேர்
என் தூக்கத்தைத் தின்றார்கள்.

மறுபடி வரச் சொன்ன நாளில்
ஒருவராவது தாமதமாக வரட்டும் என்று
கடிகாரத்தின் கீழே நின்றிருந்தேன்.
மூவருமே எனக்கு முன்னால் வந்து
பூட்டிய கடையின் வாசலில் காத்திருந்தவர்கள்.

நிகானோர், சுரங்க லாரிகளில் பதினாறு வருடம்.
டயரை பூட்ஸ் நுனியால் ஒரு தட்டு,
உள்ளே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்.
அளவுமானி பிறகு வந்து ஆமாம் போடுகிறது.
யாஸ்னா, இருபத்திரண்டு வயது.
ஆட்டுப் பண்ணை லாரியைச்
சரளைச் சாலையில், ராத்திரியில், தன்னந்தனியாக
ஜாக்கி வைத்துத் தூக்கியவள்.
பௌதிலியோ அதிகம் பேசவில்லை.
நான் ஒன்று கேட்க, கொஞ்ச நேரம் யோசித்து,
"அது எனக்குத் தெரியாது" என்றான்.
இத்தனை வருடக் கடையில் இந்த வாக்கியத்தை
யார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்?

ஒரு சோதனை வைத்தேன், அற்பமானதுதான்.
வால்வின் அடியில், கண்ணுக்குத் தப்பும் இடத்தில்
நானே ஊசியால் குத்தி வைத்த ட்யூப்.
மூவரும் கண்டுபிடித்தார்கள்.
நிகானோர் மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்,
ஓட்டையில் என் கைரேகையைக் கண்டவர் போல.

பழைய முதலாளிகளுக்குப் போன் போட்டேன்.
ஒரு குறை, ஒரே ஒரு குறை சொல்லுங்கள் என்று
ஏறக்குறைய யாசித்தேன்.
"எங்களை விட்டுப் போனதுதான்" என்றாள் ஒருத்தி.
போனை வைத்துவிட்டாள்.

ராத்திரி கணக்கு நோட்டை விரித்தேன்.
இரண்டு பேருக்குச் சம்பளம் ஓடுமா?
கணப்புக்கான எரிவாயுச் செலவைத் தள்ளிவைத்து ஒரு தடவை,
என் கடைவாய்ப் பல்லைத் தள்ளிவைத்து ஒரு தடவை.
கூட்டல் ஒவ்வொரு முறையும்
அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.
"காசைச் சுண்டிவிடலாம் எர்சிலியா" என்றார் கணக்கர் ஒஸ்வால்தோ.
"மூன்று பக்கமுள்ள காசு இருந்தால் கொடு."

கடைசியில் தீர்த்துவைத்தது ஒரு கதவு.
எங்கள் கடைக் கதவைச்
சற்றே தூக்கி, இழுத்து,
கொண்டி விழும் சத்தம்வரை பிடித்திருக்க வேண்டும்.
இல்லாவிட்டால் காற்று அதைப் பிடுங்கிச் சுவரில் அறையும்.
அன்று போகும்போது நிகானோர் வெறுமனே இழுத்தார்.
அறைந்தது.
யாஸ்னா தூக்கினாள், இழுத்தாள், காத்திருந்தாள்.
யாரும் சொல்லித்தரவில்லை.
இவள்தான் என்றேன்,
வெள்ளத்தில் ஒரு துரும்பு கிடைத்த நிம்மதியோடு.

மற்ற இருவருக்கும் நானே பேசினேன்.
கதவைப் பற்றி எப்படிச் சொல்வது?
என்னென்னவோ சொன்னேன்.
நிகானோர் "பரவாயில்லை, சென்யோரா" என்பதற்குள்
பின்னாலிருந்து ஒரு குழந்தை, "கிடைச்சிடுச்சா?" என்றது.
பௌதிலியோ கேட்டான்:
"பிளாஸ்க் வைத்திருந்த அந்தப் பெண்ணா?
கெட்டிக்காரி. வாசலில் எனக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்."

யாஸ்னாவைப் பற்றி ஒரு புகாரும் இல்லை.
அதுவும் சேர்ந்துதான் உறுத்துகிறது.

பிப்ரவரியில் பௌதிலியோ வந்தான்.
யாருடைய காரோ, பின்சக்கரத்தில் பஞ்சர்.
யாஸ்னா ஒட்டி முடிக்கும்வரை
கைகட்டி நின்று பார்த்தான். தலையசைத்தான்.
முழுப் பணமும் வாங்கிக்கொண்டேன்.
குறைத்திருந்தால் அது மன்னிப்பு ஆகியிருக்கும்.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
வெளியே போனவன், கதவைச்
சற்றே தூக்கி, இழுத்து,
கொண்டி விழும்வரை பிடித்திருந்தான்.

நவம்பரில் அவன்தான் கடைசி.
கடை மூடும் நேரம்.
வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுக்
கதவைச் சாத்தியவள் நான்.